கொழும்புத் திரையில் சிவகாசிக் கோடு

நான் விமானம் ஏறிய ஒரே பயணம் இது. மொத்தம் நாலு நாள். நன்றாக வேலை செய்தேன் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் நன்றாக வேலை செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை என்னவென்றால், மாதம் ஒரு தடவை சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் வீடு வீடாகப் போக வேண்டும். மதுரையில் உள்ள கம்பெனி ஒரு கட்டுப் படிவம் அனுப்பும். அதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். 'இன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்து வீட்டுச் சாமான் விலை இப்போது இருப்பதைவிட எவ்வளவு கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' சொல்வதை எழுத வேண்டும். கடைசியில் 'தெரியாது' என்று ஒரு கட்டம் இருந்தது. தெரியாது என்பவர்களுக்கு அதில் டிக் போட வேண்டும்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். திருத்தங்கலில் அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடுக்கிக்கொண்டிருந்தவள். புதுப்பட்டி நான் பிறந்த ஊர். அங்கே எந்த வீட்டிலும் அடுப்படி வரைக்கும் நான் போகலாம். அதனால் என்னைப் பிடித்தார்கள்.

எதற்காக இதைக் கேட்கிறார்கள் என்று நிலானி மேடம் ஒரு தடவை போனில் விளக்கினார். கொழும்புத் தமிழ்ப் பெண். வெளிநாட்டில் ஆராய்ச்சி படிக்கிறார். இந்த வேலையே அவருடைய ஆராய்ச்சிக்குத்தான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தலைமை வங்கி உண்டு. விலைவாசி ஏறினால் அது வட்டியைக் கூட்டும். விலை அடங்கிவிடும் என்று சனங்கள் நம்பினால்தான் அடங்கும். நம்புகிறார்களா என்று பார்க்கத்தான் மூன்று நாட்டில் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்கிறார்கள்.

ஒரே மாதிரி என்பதை அவர் ரெண்டு தடவை சொன்னார். நான் ரெண்டு தடவையும் சரி மேடம் என்றேன்.

நிலானி மேடம் கொழும்பில் வைத்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு வியாழக்கிழமை கிளம்பினேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஏற்றிவிட வந்தார். "எதும் கேட்டாச் சிரிச்சுவையி. தெரியாத எடத்துல வாயத் தெறக்காம இருந்தாலே மருவாதிதான்" என்றார். அந்தப் பேச்சைத்தான் நாலு நாளும் கேட்டேன்.

திருத்தங்கலிலிருந்து மதுரை போய்ச் சேர ஆன நேரத்தைவிட மதுரையிலிருந்து கொழும்பு போக ஆன நேரம் குறைவு. ஜன்னலில் பார்த்தேன். கடல் தகரம் மாதிரி மின்னியது. பக்கத்து சீட்டில் இருந்தவர் மிளகாய் வற்றல் வியாபாரி, விருதுநகர்க்காரர். "எதுக்கும்மா போறீக, துணி யாவாரமா?" என்றார். "விலை விசாரிக்கிற வேலை" என்றேன். "அதத்தான் நானும் செய்யிறேன். ஒரு பய சரியாச் சொல்ல மாட்டேங்கான்" என்றார். சிரித்துவைத்தேன்.

நிலானி மேடம் விமான நிலையத்துக்கே வந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். என் பையை வாங்கிக்கொண்டார். "வாங்கோ அக்கா. களைச்சுப் போனியளோ? சரியான வெக்கை, என்ன?" அவர் பேசும் தமிழ் எனக்குப் புரிந்தது. என் தமிழ் அவருக்குப் புரிய ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளவத்தை என்ற இடத்தில் தங்க வைத்தார்கள். ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் கல்தான். அலை அடித்தால் ரயிலில் இருப்பவர் காலில் தெறிக்கும். சாயந்திரம் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கித் தந்தார். சொதி என்பது நம் ஊர் தேங்காய்ப்பால் குழம்பு மாதிரி, மஞ்சளாக, தண்ணியாக இருந்தது. சம்பலில் உறைப்பு சரியாக இருந்தது. டீயில் பால் இல்லை. பால் இல்லாத டீயை எங்கள் பக்கம் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். குடித்தேன். பால் கேட்க வெட்கமாக இருந்தது.

சாப்பிடும்போது அவர் சொன்னார். "நாளைக்கு உங்களை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தப் போறன். எல்லா நாட்டுப் படிவத்திலயும் உங்கட படிவத்திலதான் 'தெரியாது' ஆகக் குறைவு. முதல் மூண்டு மாசத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எப்பிடியக்கா?"

"நம்ம ஆளுக, மேடம். சொல்லிருவாக" என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டத்துக்கு ஆட்டோவில் போனோம். பாதி வழியில் ஆட்டோ நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஓட்டுநர் சிங்களவர். இறங்கித் தள்ளினார். நாங்களும் இறங்கி நடந்தோம். மேடம் ஏதோ கேட்க, அவர் தள்ளிக்கொண்டே நெடுநேரம் பேசினார். மேடம் எனக்குத் தமிழில் சொன்னார்.

"நாட்டில பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருஷம் வரிசையில மூண்டு நாள் ஓட்டோக்குள்ளயே நித்திரை கொண்டவராம். அண்டையில இருந்து டாங்கி நிறைய அடிக்கிறதில்லையாம். நாளைக்கு விலை குறையும், கூடும் எண்டு யோசிச்சு யோசிச்சு அண்டண்டைக்கு அடிக்கிறவராம்."

"அடுத்த வருசம் வெலை எப்படி இருக்கும்னு கேளுங்க மேடம்" என்றேன். வேலைப் பழக்கம்.

மேடம் கேட்டார். ஓட்டுநர் ஆட்டோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லில் வெற்றிலைக் கறை. ஒரு வார்த்தைதான் சொன்னார். தெரியாது என்று சொல்லியிருப்பார் என்று மேடம் மொழிபெயர்க்காமலே எனக்குத் தெரிந்தது.

கூட்டம் ஒரு ஓட்டலில். குளிர் வைத்திருந்தார்கள். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டேன். நாற்பது பேர் இருப்பார்கள். கேள்வி கேட்கப் போகிற ஆட்களில் என்னையும் கொழும்பு ரவூஃப் அண்ணனையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயசுக்கு மேல். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் மூன்று கோடு போட்டார்கள். கொழும்புக்குச் சிவப்பு. இந்தோனேசியாவில் ஏதோ ஒரு ஊருக்குப் பச்சை. சிவகாசிக்கு நீலம். சிவப்பு கோழி கிளறிய மாதிரி கிடந்தது. அங்கங்கே கோடே இல்லாமல் அறுந்திருந்தது. பச்சை படுத்துக் கிடந்தது. நீலம் மட்டும் ரம்பப் பல் மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரே தூக்காக ஏறும். பிறகு மாதம் மாதமாக இறங்கும். மறுபடி ஒரே தூக்கு. மறுபடி இறக்கம். ரெண்டு பல்.

தலை நரைத்த வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் அந்த நீலத்தைக் காட்டிப் பேசினார். மேடம் என் காதில் சொன்னார்.

"இந்தச் சின்ன ஊர்ச் சனத்துக்குத் தலைமை வங்கி சொல்லுறது கேக்குது எண்டு சொல்லுறார். வட்டி ஏறினாப் பிறகு விலை அடங்கும் எண்டு அவை நம்பியிருக்கினம். தலைநகரத்துச் சனத்துக்குக் கேக்காதது இவைக்குக் கேட்டிருக்கு எண்டு சொல்லுறார்."

எங்கள் தெருவில் வட்டி என்றால் வார வட்டி. செவ்வாய்க்கிழமை பைக்கில் வருகிறவர் சொல்வதுதான் கேட்கும். தலைமை வங்கி எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் பல்லின் உச்சியைப் பார்த்தேன். அடியில் மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். தீபாவளி கழிந்த மாதம். ரெண்டாவது பல்லைப் பார்த்தேன். அதுவும் தீபாவளி கழிந்த மாதம்.

சேலைத் தலைப்பை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நான் செய்தது இதுதான். முதல் மூன்று மாதம் படிவத்தில் இருக்கிறபடி கேட்டேன். பன்னிரண்டு மாதம் கழித்து என்றதும் சனங்கள் சிரித்தார்கள். முத்துமாரி என்று ஒருத்தி, நானும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். "பன்னெண்டு மாசமா? கம்பெனி தொறந்துருக்குமான்னு மொத சொல்லுக்கா. பெறகு வெலையச் சொல்றேன்" என்றாள். ஒரு வருசம் கோர்ட்டு, ஒரு வருசம் லைசென்சு, ஒரு வருசம் மழை. பாதிப் பேர் தெரியாது என்றார்கள். டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

மதுரைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "தெரியாதுன்னு இவ்வளவு வந்தா நீங்க வீட்டுக்கே போகலைன்னு அர்த்தம்மா" என்றார் அங்கிருந்த சார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் போகாத வீடு இல்லை. அதோடு, என் ஊர்க்காரர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நானே எழுதி அனுப்புகிறேனே என்றும் இருந்தது.

நாலாவது மாதம் கேள்வியை மாற்றினேன். "அடுத்த தீபாவளிக்குச் சாமான் வெலை எம்புட்டு ஏறியிருக்கும்?" என்று கேட்டேன்.

எல்லோரும் பதில் சொன்னார்கள். எங்கள் பக்கம் வருசம் என்றால் தீபாவளிக்குத் தீபாவளி. போனஸ் அன்றைக்கு. துணி அன்றைக்கு. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைக்குக் காது குத்துவது, கலியாணம் பேசுவது எல்லாம் அதை வைத்துத்தான். அடுத்த தீபாவளி என்று சொன்னால் எந்த ஆளும் விரலை மடக்காமல் கணக்குச் சொல்வார். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் கேட்டால் தீபாவளிக்கு ஒன்பது, பத்து மாதம் இருக்கும். ஏற்றம் நிறையச் சொல்வார்கள். புரட்டாசியில் கேட்டால் ஒரு மாதம்தான். ஒரு மாதத்தில் என்ன பெரிதாக ஏறப்போகிறது? கொஞ்சமாகச் சொல்வார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் கேட்டால் அடுத்தது முழு வருசம் தள்ளிப் போய்விடும். மறுபடி நிறைய. ரம்பப் பல் அப்படி வந்தது. அதற்கும் வங்கிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வட்டி ஏறின மாதமும் இந்த இறக்கமும் ஒன்றாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான். எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கோடாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மேடம் என் பெயரைச் சொன்னார். "சீனியம்மாள்." எழுந்து நின்றேன். நாற்பது பேரும் கை தட்டினார்கள். பேராசிரியர் வந்து ஒரு தேயிலைப் பெட்டி கொடுத்தார். வாங்கினேன். கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னபடி சிரித்துவைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பேராசிரியர் சிவப்புக் கோட்டைக் காட்டி வேறு தொனியில் பேசினார். மேடம் மொழிபெயர்க்கவில்லை. ரவூஃப் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் என் எதிரே உட்கார்ந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கருவாடு. அவர் தட்டில் கை வைக்கவில்லை.

"உங்கட ஆக்கள் எப்பிடித் தங்கச்சி எல்லாத்துக்கும் பதில் சொல்றாங்க? நான் ஒரு வீட்டுக்கு மூணு தரம் போறன். 'அடுத்த வருஷத்து விலை அல்லாவுக்குத்தான் தெரியும் நானா'ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்துறாங்க. சிங்கள வீட்டிலயும் அப்பிடித்தான். இல்லாததை நான் எழுதேலுமா? இப்ப வேலை சரியில்லைன்னு எல்லாருக்கும் முன்னால ஏசிட்டாங்க."

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நான் பருப்பைச் சோற்றில் பிசைந்தேன்.

"அந்தக் கெட்டித்தனத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"கருவாடு நல்லாருக்கு. சாப்பிடுங்கண்ணே" என்றேன்.

சனிக்கிழமை ஊர் திரும்பினேன். நிலானி மேடமும் கூட வந்தார். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் எங்கள் ஊரைப் பற்றி எழுத வேண்டுமாம். சனங்கள் பதில் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வர வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

விமானத்தில் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விலை தாறுமாறாக ஏறின வருசம், மாதம் முழுக்க வரும் என்று எடுத்து வைத்த பென்ஷன் பணத்துக்கு ஒரு நாள் பால்மா என்கிற பால் பவுடர்ப் பையும் கொஞ்சம் அரிசியும்தான் வந்ததாம். பையைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றுவிட்டாராம்.

"அண்டைக்குத்தான் இந்த ஆராய்ச்சி செய்யவேணும் எண்டு முடிவெடுத்தன். சனத்துக்கு முன்னமே என்ன தெரிஞ்சிருந்தது, என்ன தெரியேல்லை எண்டு பாக்கவேணும். அஞ்சு வருஷமாகுது. உங்கட ஊர்தான் என்ர கடைசி அத்தியாயம். வாற மாசம் குடுக்கவேணும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காது அடைக்குது மேடம்" என்றேன். அவர் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

மதுரையிலிருந்து ஏறின பஸ் நடு ரோட்டில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். ஒரு அம்மா கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். "ஏய்யா, டிக்கெட்டுக் காசு மட்டும் கூட்டத் தெரியுது, டயரு மாத்தத் தெரியலையாக்கும்?" கண்டக்டர், "டயரு வெலை தெரியுமா ஆத்தா ஒனக்கு?" என்றார். "எனக்கு எதுக்குத் தெரியணும்? நானா பஸ்ஸு விட்டுருக்கேன்?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. மேடம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அங்கே அரை மணி நேரம் நின்றோம். சொல்ல அரை மணி நேரம் இருந்தது. டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விருதுநகரில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் பரோட்டா எண்ணெயில் பொரித்தது, முறுக்கு மாதிரி நொறுங்கும். கொழும்பில் பரோட்டாவைத் தகரத்தில் போட்டுக் கொத்திக் கொத்தி உருத் தெரியாமல் ஆக்கித் தருகிறார்கள். இதை நம் கையாலேயே பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிக்கொள்கிறோம். மேடம் மூன்று சாப்பிட்டார். மூக்கில் தண்ணீர் வந்தது. "உறைப்பெண்டா இதுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கை கழுவப் போனேன்.

அங்கே நின்றுதான் அதைச் செய்தேன். முத்துமாரிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு ஒரு மேடத்தைக் கூட்டியாறேன். படிவம் கேக்கையில தீபாவளின்னு வாயத் தெறக்காத. பன்னெண்டு மாசம்னு மட்டும் சொல்லு."

"ஏங்க்கா?"

"சொன்னதைச் செய்யி."

"சரிக்கா. தீபாவளி கூடாது. பன்னெண்டு மாசம்." பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

முன்னால் செய்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மேடம் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் எங்களைப் புதுப்பட்டிக்குக் கொண்டுபோனார். மேடம் முன் சீட்டில். நான் பின்னால் காலி அட்டைப் பெட்டிகளோடு. எனக்கு அதுதான் சரியான இடமாகப் பட்டது.

ஞாயிறு கம்பெனி லீவு. தெருவில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை காயப் போட்டிருந்தார்கள். எத்தனை தடவை தேய்த்தாலும் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி போகாது. மேடம் அதைத்தான் முதலில் பார்த்தார்.

முத்துமாரி வாசலில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வைத்திருந்தாள். "வாங்க மேடம், வாங்க. அக்கா, பிளேன்ல போயிட்டு வந்துட்டீகளா? மூஞ்சி கறுத்துப் போச்சு, மேகம் பட்டுச்சோ?" என்றாள். எதிர்வீட்டு ஜோதியும் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். ஜோதியும் என் படிவத்தில் இருக்கிறவள்தான்.

மேடம் சொன்னார். "நீங்கள் வழமையாக் கேக்கிற மாதிரியே கேளுங்கோ அக்கா. நான் சும்மா பாக்கிறன்."

படிவத்தை எடுத்தேன். அச்சடித்திருக்கிறபடி வாசித்தேன். முத்துமாரி வீட்டில் ரெண்டு வருசமாக வாசிக்காத வாக்கியம். நாக்கு இடறியது. முத்துமாரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள்.

"பன்னெண்டு மாசம் கழிச்சு வெலை கூடியிருக்கும். பன்னெண்டு மாசம். நல்லாக் கூடியிருக்கும்."

ஜோதி சிரித்துவிட்டாள். "ஏட்டி, என்ன புதுசா பன்னெண்டு மாசம்? அடுத்த தீபாவளிக்கு எம்புட்டுன்னு தான அக்கா எப்பவும் கேக்கும்?"

"ஏட்டி, சும்மாரு! தீபாவளின்னு வாயத் தெறக்கக்கூடாதுன்னு அக்கா நேத்தே போன் போட்டுச் சொல்லிருச்சு" என்றாள் முத்துமாரி.

சொல்லிவிட்டுத்தான் கையால் வாயைப் பொத்தினாள். ஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரர் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மேடம் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். ஜோதியைப் பார்த்து, "என்ன தீபாவளி?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

ஜோதி எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். "எங்களுக்குப் புரியிற மாதிரிக் கேக்கும் மேடம். மத்தவுகன்னா தாளப் பாத்து வாசிச்சிட்டுப் போயிருவாக. இந்தக்கா, அடுத்த தீபாவளிக்குப் பருப்பு எம்புட்டு, எண்ணெ எம்புட்டுன்னு வெவரமாக் கேக்கும். ரெண்டு வருசமா அப்பிடித்தான். நல்ல அக்கா."

மேடம் எழுந்து தெருவில் நடந்தார். நான் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. அந்த ரம்பப் பல்லை அவரும் இப்போது கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"எப்ப இருந்து?"

"நாலாவது மாசத்துல இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பத் தப்புன்னு தெரியல. கொழும்புல அந்தக் கோட்டப் பாத்ததும் தெரிஞ்சது. அப்பவும் சொல்லல."

அவர் அழவில்லை. யோசித்தார். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பொறுங்கோ. படிவத்தில திகதி இருக்கு. கேட்ட நாளுக்கும் தீபாவளிக்கும் எத்தனை மாசம் எண்டு பாத்தாத் திருத்தலாம். எல்லாத்தையும் திருப்பிக் கணக்குப் போடலாம். கஷ்டம், ஆனா ஏலும்." என் கையைப் பிடித்தார். "எல்லா வீட்டிலயும் தீபாவளி எண்டுதானே கேட்டனீங்கள்? ஒரு வீடும் விடாமல்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய அஞ்சு வருசம் தப்பித்திருக்கும். நானும் தப்பித்திருப்பேன். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஆனால் அப்படி இல்லை. வாத்தியார் வீட்டில் சரியாகக் கேட்டேன். மளிகைக் கடைக்காரர் வீட்டில் சரியாகக் கேட்டேன், அவருக்குப் பன்னிரண்டு மாதக் கணக்குத் தெரியும். சில வீட்டில் ஒரு மாதம் அப்படி, ஒரு மாதம் இப்படி. அவசரமாக இருந்தால் தீபாவளி. யாராவது படித்தவர் பக்கத்தில் இருந்தால் பன்னிரண்டு மாதம்.

"இல்ல மேடம். சில வீட்டுல சரியாக் கேட்டேன்."

"எந்தெந்த வீடு? எந்த மாசம்?"

"தெரியாது."

ரெண்டு வருசமாக அடுத்தவர் வாயிலிருந்து வர விடாமல் பார்த்துக்கொண்ட வார்த்தை. என் வாயிலிருந்து வந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரவூஃப் நானாவை எல்லாருக்கும் முன்னால ஏசினவை" என்றார். அது மட்டும்தான் சொன்னார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

அப்படியே ஆட்டோவில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. முத்துமாரி வீட்டுக்குத் திரும்பி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ஒருக்கால் சரியாக் கேளுங்கோ அக்கா. எனக்கு ஒரு சரியான படிவம் வேணும்."

பேனாவை வாங்கினேன். முத்துமாரி பயந்துபோய் நின்றாள். உட்காரச் சொன்னேன்.

"இன்னையில இருந்து பன்னெண்டு மாசம் கழிச்சு வீட்டுச் சாமான் வெலை எம்புட்டு ஏறியிருக்கும், இல்ல எறங்கியிருக்கும்னு நெனைக்க? நான் நேத்துச் சொன்னதை மறந்துரு. ஒனக்குத் தோணுறதைச் சொல்லு."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். இப்போது ஆடி மாதம், அடுத்த ஆடியை நினைக்கிறாள் என்று தெரிந்தது. கம்பெனி இருக்குமா, இருந்தால் ஆர்டர் இருக்குமா, ஆர்டர் இருந்தால் நாம் இருப்போமா என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து என் காதருகே வந்தாள்.

"அக்கா, தெரியாதுன்னு சொல்லலாமா?"

"சொல்லு" என்றேன்.

"தெரியாதுக்கா."

கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். கோடு கட்டத்துக்கு வெளியே போனது. மேடத்திடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்தார்.

முத்துமாரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வந்திருந்தது.

"அம்புட்டுத்தானா? இதுக்கா அக்கா பிளேன்ல அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தீக?"

"ஆமா" என்றேன்.